தொழில்முறை போக்கர் ஆட்டக்காரரும் விக்கிப்பீடியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கர் தொடர்பான கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கும் எவருக்கும், புதிதாக வந்து சேரும் ஆட்டக்காரர்களின் ஐயங்கள் அநேகமாக மனப்பாடமாகியிருக்கும். திரும்பத் திரும்ப வந்த அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைமுறையே விடைகளுக்கு அடிப்படை. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சீட்டாடிச் சம்பாதிக்கிறவன் நான். என்னையெல்லாம் விக்கிப்பீடியாவில் எழுத விடுவார்களா?

விடுவார்கள். 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, எழுத வருகிறவரின் பட்டத்தையோ பிழைப்பையோ கேட்பதில்லை. கணக்குத் தொடங்குவதற்கு மின்னஞ்சல் முகவரிகூடக் கட்டாயமில்லை. உங்கள் தொழில் எது என்பதைவிட, அந்தத் தொழிலுக்கும் நீங்கள் கைவைக்கும் கட்டுரைக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள்.

ஆட்டக்காரர்களுக்குப் பழகச் சிரமமாக இருப்பது வேறொன்று. மேசையில் கையிலிருக்கும் இரண்டு சீட்டுகளை மறைத்துக்கொள்வதில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. இங்கேயோ, ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் யார், எந்த நிமிடத்தில், எதை எதுவாக மாற்றினார் என்பது திருத்த வரலாற்றில் எல்லாரும் பார்க்கும்படி பதிவாகிவிடும்.

என்னைப் போன்றவரால் எந்தக் கட்டுரைக்கு உண்மையிலேயே பயன்?

ஆட்ட விதிகளைப் பற்றிய கட்டுரைகளுக்குத்தான் முதலில். ஒமாஹா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் நான்கு சீட்டுகள் தரப்படும். அவற்றிலிருந்து சரியாக இரண்டையும், மேசையில் விரிக்கப்பட்ட ஐந்திலிருந்து சரியாக மூன்றையும் சேர்த்தே ஐந்து சீட்டுக் கையை அமைக்க வேண்டும். எனவே, மேசையில் நான்கு இஸ்பேட் விழுந்திருந்தாலும், கையில் ஒரே ஒரு இஸ்பேட் வைத்திருப்பவருக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தைச் சேர்ந்த ஐந்து சீட்டுகள், கிடையாது. கைச்சீட்டுகளில் இத்தனை என்ற கட்டாயம் இல்லாத டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தை மட்டுமே அறிந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த வரியில் 'அதிகபட்சம் இரண்டு' என்று எழுதிவிட்டால் ஆட்டமே மாறிப்போகும். இத்தகைய பிழையைப் படித்த மாத்திரத்தில் பிடிக்கும் கண் ஆட்டக்காரருக்கு இருக்கிறது.

தொலைக்காட்சி வருவதற்கு முற்பட்ட கால வரலாறு அடுத்தது. 1970-இல் லாஸ் வேகாஸின் ஹார்ஸ்ஷூ விடுதியில் பென்னி பினியன் தொடங்கிய வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதல் ஆண்டில் வெற்றியாளரை முடிவு செய்தது ஆட்டம் அல்ல, ஆட்டக்காரர்களின் வாக்கு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜானி மாஸ். அந்தத் தலைமுறையைப் பற்றிய பழைய இதழ்களையும் நூல்களையும் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் ஆட்டக்காரர் ஒருவர், அவற்றைப் புரட்டிச் சான்றுகளைச் சேர்த்தாலே பெரிய உதவி.

நானே அந்த மேசையில் உட்கார்ந்து ஆடினேன். அதற்கும் சான்று கேட்டால் எப்படி?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விக்கிப்பீடியாவிலோ தீர விசாரித்தவர் வேறொருவராக இருக்க வேண்டும். விசாரித்ததை அவர் வெளியிட்டும் இருக்க வேண்டும். இதற்கு மெய்யறிதன்மை என்று பெயர். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று இதற்குப் பொருளில்லை. திரைக்கு அப்பால் இருப்பவர் நீங்கள்தானா என்பதை வாசகரால் அறிய முடியாது. அறிந்தாலும் உங்கள் நினைவை அவரால் சரிபார்க்க முடியாது.

பெரியவர்களுக்கும் இதே கதிதான். 2012-இல் அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத், தம் நாவல் ஒன்றின் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் யார் என்பதைக் கட்டுரை தவறாகச் சொல்கிறது என்று முறையிட்டபோது, எழுதியவரே சொன்னாலும் வேறு சான்றும் தேவை என்ற பதிலே கிடைத்தது. அவர் 'நியூ யார்க்கர்' இதழின் தளத்தில் விக்கிப்பீடியாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். வெளியான அந்த மடல் மேற்கோள் காட்டத்தக்க சான்றாகிக் கட்டுரைக்குள்ளும் இடம்பெற்றது. எனக்கும் இந்த விதி சில இடங்களில் அளவுக்கு மீறிக் கடுமையாகப் படுவதுண்டு. ஆனாலும் வழி அதுதான்: முதலில் பொறுப்பான ஓர் இதழில் வெளிவரட்டும், பிறகு கட்டுரைக்கு வரட்டும்.

பழைய ஆட்டக்காரர் எல்லாரும் ஒரே கதையைத்தானே சொல்கிறார்கள்? அதை எழுதினால் ஏன் நீக்குகிறார்கள்?

எல்லாரும் சொல்வதாலேயே கதை உண்மையாகிவிடாது. போக்கர் வரலாற்றில் இது மற்ற துறைகளைவிட அதிகம். ஜானி மாஸும் 'நிக் த கிரீக்' எனப்பட்ட நிக் டாண்டலோஸும் 1949-இல் பினியனின் ஹார்ஸ்ஷூ விடுதியில் மாதக்கணக்கில் நேருக்கு நேர் மோதினார்கள் என்ற கதையைக் கேட்காத ஆட்டக்காரர் இருக்க மாட்டார். ஆனால், பினியன் அந்த விடுதியைத் திறந்ததே 1951-இல்தான். ஆண்டை 1951 என்று நகர்த்திச் சொல்பவர்களும் உண்டு. அந்த மோதல் சொல்லப்படும் வடிவில் நடந்ததா என்றே ஐயம் எழுப்பியவர்களும் உண்டு. இங்கே கட்டுரை செய்ய வேண்டியது, கதையை இன்னார் இப்படிச் சொன்னார் என்று பதிவு செய்து, முரண்பாட்டையும் அருகிலேயே வைப்பதுதான்.

'செத்தவன் கை' எனப்படும் ஏஸ் ஜோடியும் எட்டு ஜோடியும் இதே வகை. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் ஊரில் வைல்ட் பில் ஹிக்காக் சீட்டாடும்போது சுடப்பட்டது வரலாறு. அவர் கையில் இருந்த சீட்டுகள் இவைதான் என்பது 1926-இல் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாற்று நூலின் வழியாகவே பரவியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒரே உறுதியோடு எழுதினால் கத்தரிப்பார்கள், கத்தரிப்பதே முறை.

இவ்வளவு ஜெயித்திருக்கிறேன், எனக்கென்று ஒரு கட்டுரை கிடையாதா?

பரிசுத்தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது தானாகக் கட்டுரையைப் பெற்றுத் தராது. உங்களோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் உங்களைப் பற்றி ஓரிரு வரியோடு நில்லாமல் விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதே அளவுகோல். குறிப்பிடத்தக்கமை என்று விக்கிப்பீடியர்கள் சொல்வது இதைத்தான். ஹெண்டன் மாப் தரவுத்தளத்தில் உங்கள் பெயரும் முடிவுகளும் இருப்பது நீங்கள் ஆடியதற்குச் சான்றாகலாம், ஆனால் அந்தப் பட்டியலில் ஏராளமானோர் இருக்கிறார்கள். உங்கள் ஆதரவு நிறுவனம் வெளியிட்ட செய்திக்குறிப்பு கணக்கிலேயே வராது.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர், வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அவரைப் பற்றிய கட்டுரை அந்தத் தொகையின் மீது நிற்கவில்லை. இணையத் தகுதிச்சுற்று வழியாக நுழைந்த ஒரு கணக்காளர் வென்றார் என்பதையும், அதைத் தொடர்ந்து போக்கருக்கு ஏற்பட்ட பெருக்கத்தையும் பற்றிப் பலரும் எழுதிய எழுத்துகளின் மீதே அது நிற்கிறது.

கட்டுரையில் போட்டிருக்கும் பரிசுத்தொகைக்கும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனதற்கும் சம்பந்தமே இல்லை. மாற்றலாமா?

மாற்ற முடியாது, ஆனால் தெளிவுபடுத்தக் கேட்கலாம். தரவுத்தளங்களில் வருவது போட்டிகளில் பெற்ற மொத்தப் பரிசு. நுழைவுக்கட்டணங்கள், வரி, பணம் போட்டுக் களமிறக்கியவரின் பங்கு ஆகியவை அதில் கழிக்கப்படுவதில்லை. 2006-இல் ஜேமி கோல்ட் அதே முதன்மைப் போட்டியில் 1 கோடியே 20 லட்சம் டாலர் வென்றபோது அதில் பாதி தனக்கு உரியது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சமரசமாயிற்று. தொகை 1.2 கோடி என்றே கட்டுரைகளில் நிற்கிறது, வழக்கு தனிப் பத்தியில் வருகிறது. 'வருமானம்' என்றோ 'லாபம்' என்றோ யாரேனும் எழுதியிருந்தால் அதை 'போட்டிப் பரிசுத்தொகை' என்று மாற்றச் சொல்வது முழுக்க நியாயம்.

என் கட்டுரையில் தவறு இருக்கிறது. நானே திருத்தக் கூடாதா?

அப்பட்டமான விஷமத்தையும் சான்றில்லாத அவதூறையும் நீங்களே நீக்கலாம். யாரும் குறைசொல்ல மாட்டார்கள். மற்றபடி உங்களைப் பற்றிய கட்டுரையில் நேரடியாகக் கைவைக்காமல், அதோடு இணைந்த உரையாடல் பக்கமான பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைப்பதே முறை. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கரை இணைநிறுவனர் என்று குறிப்பிட்ட பகுதிகளைத் தம் கட்டுரையில் தாமே மாற்றியது 2005-இல் வெளிப்பட்டுக் கடும் கண்டனத்துக்கு ஆளானது. செய்திருக்கக் கூடாது என்று அவரே பின்னர் சொன்னார்.

கோரிக்கையை எழுதும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. 'கட்டுரை முழுக்கத் தப்பு, உடனே சரிசெய்யவும்' என்று எழுதினால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். 'இக்கட்டுரை என்னைப் பற்றியது. மூன்றாம் பத்தியின் இரண்டாம் வரியில் இரண்டாமிடம் என்றிருப்பதை மூன்றாமிடம் என மாற்ற வேண்டுகிறேன். போட்டி அமைப்பாளரின் முடிவுப் பட்டியல் இந்த முகவரியில் உள்ளது' என்று எழுதினால், போகிற போக்கில் பார்க்கும் தன்னார்வலர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்து மாற்றிவிட முடியும்.

ஒரு போக்கர் தளத்தின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆடுகிறேன். அந்தத் தளத்தைப் பற்றி எழுதலாமா?

நேரடியாக எழுதாதீர்கள், முந்தைய விடையில் சொன்ன பேச்சுப் பக்க வழி இங்கேயும் உண்டு. 2014 ஜூனில் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியது. அதன்படி, ஊதியம் பெற்றோ பெறும் எதிர்பார்ப்பிலோ எழுதுபவர் தம் முதலாளி யார், யாருக்காக எழுதுகிறார், என்ன தொடர்பு என்பவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எழுதுவதற்கென்று தனியாகச் சம்பளம் இல்லை என்பது நல்ல வாதமாகத் தோன்றலாம். ஆனால் அந்த நிறுவனத்தை மக்கள் முன் நிறுத்துவதற்குத்தான் உங்களுக்குப் பணம் தருகிறார்கள் என்பதால் நான் அந்த வாதத்தை ஏற்க மாட்டேன்.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களின் தலைவர்கள் மீதான குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அந்த வாரத்தில் அத்தளங்களின் ஆதரவு பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் 'குற்றச்சாட்டு' பத்தியில் ஒரு பெயரடையைத் தணித்திருந்தால், திருத்தம் சரியானதாகவே இருந்தாலும் நம்பியிருப்பவர் யார்?

அப்படியானால் நண்பரையோ மேலாளரையோ வேறு பெயரில் எழுதச் சொல்லிவிடலாமே?

நண்பருக்கும் மேலாளருக்கும் உங்களுக்குள்ள அதே நலமுரண், அதாவது நடுநிலையைக் கெடுக்கக்கூடிய சொந்த நலன், இருக்கிறது. நீங்களே இரண்டாவது கணக்குத் தொடங்கி முதல் கணக்கை ஆதரித்துப் பேசினால் அது கைப்பாவைக் கணக்கு. நடை, நேரம், தொழில்நுட்பத் தடயம் ஆகியவற்றை வைத்துக் கண்டுபிடித்துத் தடை செய்வார்கள். 2015-இல் ஒரே வலையைச் சேர்ந்த 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா ஒருசேரத் தடை செய்தது. நிராகரிக்கப்பட்ட கட்டுரை வரைவுகளின் சொந்தக்காரர்களைத் தேடிப்பிடித்து, பணம் கொடுத்தால் வெளியிட்டுத் தருகிறோம் என்று பேரம் பேசிய கூட்டம் அது. 'நான் நிருவாகி (கட்டுரைகளை நீக்கும் அதிகாரம் பெற்ற பயனர்), கட்டுரையைக் காப்பாற்றித் தருகிறேன்' என்று யாரேனும் உங்களிடம் கட்டணம் கேட்டால் ஏமாற்றுவேலை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சொந்தப் பெயரைச் சொல்லாமல் எழுதலாம்தானே?

தாராளமாக. நீங்கள் யார் என்பதை நீங்களாக வெளியிடாதவரை, உங்கள் கணக்கின் பின்னாலுள்ள ஆளை இன்னார் என்று விக்கிப்பீடியாவில் எழுதுவதே மற்றவர்களுக்குத் தடை செய்யப்பட்ட செயல். இணைய மேசைகளில் புனைபெயரில் ஆடுபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு முக்கியம்; அதே காரணத்தால் இன்னொரு ஆட்டக்காரரின் புனைபெயரை அவிழ்த்துக் காட்டவும் உங்களுக்கு உரிமையில்லை.

கணக்கே இல்லாமல் எழுதினால் மறைந்திருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்யாதவர்களின் ஐபி முகவரி வரலாற்றில் வெளிப்படையாகத் தெரிந்த காலத்தில், 2007-இல் விர்ஜில் கிரிஃபித் என்பவர் உருவாக்கிய விக்கிஸ்கேனர் என்ற கருவி, எந்தெந்த நிறுவனங்களின் கணினி வலையிலிருந்து எந்தெந்தக் கட்டுரைகள் திருத்தப்பட்டன என்பதை ஊருக்கே காட்டிக்கொடுத்தது.

ஒருவர் மேசையில் மோசடி செய்கிறார் என்று எங்கள் வட்டாரம் முழுக்கத் தெரியும். அதை எழுதினால் என்ன?

வாழும் மனிதரைப் பற்றிய சான்றில்லாத குற்றச்சாட்டு, விவாதத்துக்குக்கூடக் காத்திராமல் நீக்கப்படும். பேச்சுப் பக்கத்தில் எழுதினாலும் அப்படியே. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய்வரி மாதக்கணக்கில் கட்டுரையில் கிடந்து அம்பலமான பிறகு, இந்த விஷயத்தில் சமூகம் தளர்வே காட்டுவதில்லை.

அப்சல்யூட் போக்கர் விவகாரம் இதற்கு நல்ல பாடம். 2007-இல் அந்தத் தளத்தில் எதிராளிகளின் சீட்டுகளை யாரோ பார்த்துக்கொண்டே ஆடுகிறார் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்களே. நிறுவனம் தவறுதலாக அனுப்பிவைத்த ஒரு போட்டிக் கோப்பில் எல்லா ஆட்டக்காரர்களின் மறைசீட்டுகளும் இருந்தன. அதை அலசியே உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள். அலசல் அருமையானது, ஆனால் அதை நேராகக் கலைக்களஞ்சியத்தில் எழுதினால் அது சொந்த ஆய்வு, அதற்கு இங்கே இடமில்லை. நிறுவனம் ஊடுருவலை ஒப்புக்கொண்டது, 2008 ஜனவரியில் அதைக் கண்காணித்த கானவாகே கேமிங் கமிஷன் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது, அந்த ஆண்டின் இறுதியில் 'வாஷிங்டன் போஸ்ட்' விரிவாக எழுதியது. இவையே கட்டுரைக்கு ஏற்ற சான்றுகள். கண்டுபிடித்தவர்கள் பத்திரிகையாளர்களிடம் போனதுதான் விக்கிப்பீடியாவுக்கும் உதவிற்று.

நீதிமன்றமே சொல்லிவிட்டால்? அப்போது 'ஏமாற்றுக்காரர்' என்று எழுதலாமா?

அப்போதும் நீதிமன்றம் சொன்னதை மட்டும், சொன்ன அளவுக்கு எழுத வேண்டும். போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி 2012-இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கிளப்பில் புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டம் ஆடி 77 லட்சம் பவுண்டு வென்றார். சீட்டுகளின் முதுகுப்புற ஓரத்தில் இருந்த நுண்ணிய வேறுபாட்டைப் பயன்படுத்தினார் என்பதால் கிளப் பணம் தர மறுத்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் தாம் செய்தது மோசடியல்ல என்று உண்மையாகவே நம்பினார் என்பது ஏற்கப்பட்டது. ஆயினும் அச்செயல் சட்டத்தின் பார்வையில் ஏமாற்றுதலே என்று முடிவாயிற்று.

இது பணத்தைக் கேட்டு அவரே தொடுத்த உரிமையியல் வழக்கு, குற்றவியல் தண்டனை அல்ல. ஆடியது போக்கரும் அல்ல. இந்த மூன்று விவரங்களும் விடுபட்டு 'ஏமாற்றுக்காரப் போக்கர் ஆட்டக்காரர்' என்று ஒரு வரி முன்னுரையில் உட்கார்ந்தால், அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று இருப்பதுபோல் தோன்றினாலும் வாக்கியம் பொய்யாகிவிடும்.

போக்கர் சூதாட்டம் அல்ல, திறமை ஆட்டம் என்று முதல் வரியிலேயே எழுதக் கூடாதா?

உங்கள் பிழைப்பு அந்த வரியைச் சார்ந்திருக்கிறது என்பதே நீங்கள் தயங்க வேண்டியதற்குக் காரணம். நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 2012-இல் திறமையே மேலோங்கியது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் அத்தீர்ப்பை மாற்றியது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும் இதை மாறுவதாகவே எழுதுவதுதான் நடுநிலை நோக்கு.

என் படத்தை நான் ஏற்றலாம்தானே? படத்தில் இருப்பது நான்தானே?

படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு, படத்தில் இருப்பவருக்கு அல்ல. போட்டி அமைப்பாளரின் புகைப்படக்காரர் எடுத்ததை அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஏற்றினால் நீக்கப்படும். நண்பரிடம் கைப்பேசியில் எடுக்கச் சொல்லி, அவரையே விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில், யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்தோடு ஏற்றச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

விக்கிப்பீடியாவில் என்ன இருக்கிறதோ அதுதான் விடை என்று மேசையில் பந்தயம் கட்டினோம். கட்டுரையில் அந்த இடம் தவறாக இருக்கிறது. திருத்தலாமா?

சிரிப்புக்காகக் கேட்கிறார்கள் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். பந்தயத்தில் பணம் இருக்கும்வரை அந்த வரியில் உங்களுக்கு நலமுரண் இருக்கிறது, திருத்தம் சரியாக இருந்தாலும். சான்றோடு பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். எதிராளிக்குத் திருத்த வரலாறு பார்க்கத் தெரிந்திருந்தால், பந்தயத்துக்குப் பிறகு வந்த மாற்றத்தை அவர் எப்படியும் ஏற்க மாட்டார்.

நான் எழுதியதை ஒருவர் நீக்கிக்கொண்டே இருக்கிறார். நானும் விடாமல் போடட்டுமா?

ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைப்பவர், யார் பக்கம் நியாயம் இருந்தாலும், தடை செய்யப்படலாம். முதல் நீக்கத்திலேயே பேச்சுப் பக்கத்துக்குப் போய் அவருடைய காரணத்தைக் கேளுங்கள். பத்து ஆட்டக்காரர்களைத் திரட்டி வந்து ஆதரவு தெரிவிக்கச் செய்வதால் பயனில்லை; தலைகளை எண்ணாமல் காரணங்களை எடைபோட்டே முடிவு செய்வார்கள். இந்த வழியில் வந்த கணக்குகளைக் கைப்பாவைகளோடு சேர்த்தே பார்ப்பதும் உண்டு.

தமிழ் விக்கிப்பீடியாவில் இவ்வளவு கெடுபிடி இருக்காதே?

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன் கொள்கைகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆனால் ஊதியம் பெற்று எழுதுவதைப் பற்றிய பயன்பாட்டு விதி எல்லா மொழிகளுக்கும் பொது. கூட்டம் குறைவு என்பதால் ஒரு விளம்பரக் கட்டுரை சில நாள் கூடுதலாகத் தப்பிக்கலாம், அவ்வளவே. ஐயமிருந்தால் ஆலமரத்தடியில் கேளுங்கள். பொது உரையாடல் பக்கத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அது.

என்னைப் பற்றிய கட்டுரையே வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்களா?

உங்கள் பெயர் பரவலாக அறியப்பட்டதாக இருந்தால், கேட்டதற்காக மட்டும் அழிக்க மாட்டார்கள். குறிப்பிடத்தக்கமை எல்லைக்கோட்டில் இருந்தால் நிலைமை வேறு: நீக்கல் உரையாடலில் தெளிவான முடிவு எட்டப்படாதபோது, கட்டுரைக்கு உரியவரின் வேண்டுகோளையும் கருத்தில் கொண்டு நீக்க நிருவாகிக்கு இடமிருக்கிறது. பெருந்தொகை வென்ற செய்தி வெளியான பிறகு குடும்பத்தின் பாதுகாப்பை எண்ணி இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

முழு நீக்கம் கிடைக்காவிட்டாலும், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர், வசிக்கும் பகுதி போன்றவற்றை, அவை பரவலாக வெளியாகியிருந்தாலன்றி, நீக்கக் கோரலாம். இந்தக் கோரிக்கைகளுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பு வருவதில்லை. இதைப் பேச்சுப் பக்கத்தில் எழுதினால் மறைக்க விரும்பிய விவரத்தை நீங்களே சுட்டிக்காட்டியதாகிவிடும் என்பதால், விக்கிப்பீடியாவின் தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பழைய பதிப்புகளிலிருந்தும் அவ்விவரத்தை மறைக்க வேண்டும் என்பதை அந்த மின்னஞ்சலிலேயே தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் கட்டுரையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு வரலாற்றில் விட்டுவிடக்கூடும்.